கிராம விளையாட்டு மன்றம்: மான்யமும் ஊரார் பங்கும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



கிராமப் புனருத்தாரண வேலையில் கிணறு, பாதை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை ஆகியவற்றிற்கு அடுத்தபடியாகவே விளையாட்டு மன்றம் எண்ணப்படுவது வழக்கம். ஆயினும் அநேக கிராமங்களில் ஏதாவதொரு காலத்தில் அத்தகைய மன்றம் ஒன்று ஏற்பட்டே இருக்கிறது. நான்கு சுவர், ஓடு வேய்ந்த கூரை, உள்ளே பத்திரிகை படிக்க ஒரு மேஜை, வெளியே பந்தாடவும் சடுகுடு ஆடவும் ஒரு மைதானம். இவ்வளவே அதன் சொத்து. திறப்பு விழாவன்று மாவிலைத் தோரணமும் மாலையும் பிரசங்கமும் குறைவின்றி நடைபெறுகின்றன. மூன்றாம் மழைக்காலத்தில் இரண்டு ஓடுகள் பெயர்ந்து கூரை ஒழுகத் தொடங்குகிறது. ஒழுகிய நீர் விட்டத்தை அரிக்கிறது. சில வருஷங்களில் கதவு கீலை விட்டுக் கழலுகிறது. பின்னர் மன்றம் வைக்கோல் அடுக்கும் இடமாகிறது. அப்பொழுது ஊரார் கூடி, மன்றத்தைப் புதுப்பிக்க மான்யம் வேண்டுமென்று ஸர்க்காருக்கு மனுச் செய்துகொள்ளுகிறார்கள். மான்யம் வந்தால் மறுபடியும் தோரணம். சில மழைக்காலம் கழிந்தபின் மறுபடியும் ஒழுக்கு.

முதலில் பெயர்ந்த இரண்டு ஓடுகளை மாற்றச் சொற்பத் தொகையே செலவாகியிருக்கும். அத்தொகையைக் கொடுக்க வேண்டியவர் இன்னாரென்று ஒருவரும் நிச்சயித்து வைக்கவில்லை. ஆதலால் சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை பல லட்ச ரூபாய் மதிப்பீடாக வளர்ந்து, பொதுப்பணத்தின் வாசலில் போய் நிற்கிறது. மன்றத்தைப் புதுப்பிக்கப் பொதுப்பணம் கேட்கலாமா, கேட்டால் ஊரார் ஏற்கவேண்டிய கடமை யாது என்பதே இப்பிரசங்கத்தின் விஷயம்.

விளையாட்டுக்குப் பொதுப்பணம் தகுமா?

சங்கத்தின் முதிய அங்கத்தினர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. விதைக்கும் எருவுக்கும் கடன் கொடுப்பதற்கே பணம் போதாதிருக்கையில் பந்துக்கும் வலைக்கும் எங்கிருந்து கொடுப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். சிக்கனத்தில் பழகியவர்கள் கேட்கவேண்டிய கேள்வியே இது.

இதற்கு விடை கிராமத்து மாலை வேளையில் இருக்கிறது. பகலெல்லாம் வயலிலும் பட்டறையிலும் உழைத்த வாலிபன் பொழுது சாய்ந்தபின் எங்கே போகிறான்? நல்ல இடம் ஒன்று இல்லாவிடில் மதுக்கடைக்கும் சீட்டாட்டத்திற்கும் போகிறான். அல்லது ஊரே வேண்டாமென்று பட்டணத்துக்குப் போகிறான். அவன் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணை எங்கே தவறுகிறது என்பதைப் பஞ்சாயத்தார் நன்கு அறிவார்கள். தேகப்பயிற்சியும் வாசிப்பும் கூட்டுறவாடலும் ஓரிடத்தில் கிடைக்குமாயின், அவ்விடம் சங்கத்தின் நாணயத்திற்கும் ஒரு காவலாகும். ஆகையால் அதற்குப் பொதுப்பணம் கேட்பது தவறன்று. கேட்கும் முறையிலேயே தவறு நேர்கிறது. இம்முறையை நூறு வருஷங்களுக்கு மேலாகப் பரீட்சை செய்து பார்த்த ஒரு தொழிலாளர் சமூகம் உண்டு. அதன் அனுபவத்தில், பின்பற்றத்தக்கதும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் சேர்ந்தே இருக்கின்றன.

நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் அனுபவம்

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் தேசத்தின் தெற்கே குறுகிய மலைப் பள்ளத்தாக்குகள் பல உண்டு. அவற்றில் நிலக்கரிச் சுரங்கங்கள் திறக்கப்பட்டு, சுரங்கத்தைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்தன. 1920-ஐ ஒட்டிய காலத்தில் அச்சுரங்கங்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வேலை கடினம், அபாயம் அதிகம், வீட்டில் இடம் குறைவு. படிக்கவும் ஆடவும் கூடிப் பேசவும் ஓர் இடம் வேண்டுமென்று தொழிலாளர் விரும்பினர். ஒருவரும் கட்டிக் கொடுக்கும் வரையில் அவர்கள் காத்திருக்கவில்லை.

பிளைனாவன் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் வாரக் கூலியில் தலைக்கு அரைப் பென்னி பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆகவே வருஷம் முழுவதும் கொடுத்தாலும் ஒருவர் பங்கு 2 ஷில்லிங் 2 பென்னியே. இத்தகைய அரைப் பென்னிகளைக் கொண்டு சுமார் 10,000 பவுன் பெறுமான தொழிலாளர் மண்டபம் அவ்வூரில் எழும்பி, 1895-ல் திறக்கப்பட்டது. புத்தகசாலை, வாசகசாலை, விளையாட்டு அறை, பெரிய கூடம் ஆகியவை அதில் அமைந்தன. ட்ரியார்க்கி என்னும் மற்றோர் ஊரில் கூலியில் பவுனுக்கு ஒரு பென்னி வீதம் சேர்த்து, 1892-ல் புத்தகசாலையும் பின்னர் 1913-ல் பெரிய நாடக மண்டபமும் ஏற்படுத்தினார்கள். சிறு துளிகளைச் சேர்த்து மூலதனமாக்கும் வித்தை ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. பங்குத் தொகையைத் தவணையில் கட்டிச் சங்கத்தை நிறுவியவர்களும் அதையே செய்தார்கள்.

ராஜாங்கம் இவ்விஷயத்தில் கை கொடுக்க முன்வந்தது பின்னரே. நீதிபதி ஸாங்க்கியின் தலைமையில் 1919-ல் அமைந்த விசாரணைக் கமிஷன், சுரங்க ஊர்களின் வாழ்க்கை நிலையைக் கண்டு, அவ்வூர்களின் நன்மைக்காக டன்னுக்கு ஒரு பென்னி ஒதுக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1920-ஆம் வருஷத்துச் சுரங்கத் தொழில் சட்டத்தின் மூலம் சுரங்கத் தொழிலாளர் க்ஷேம நிதி ஏற்பட்டது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் சுரங்க முதலாளிகள் ஒரு பென்னி செலுத்த வேண்டியதாயிற்று. 240 டன்னுக்கு ஒரு பவுன் என்று கணக்கிட்டால், 24 கோடி டன் வெட்டப்படும் ஒரு வருஷத்தில் 10 லட்சம் பவுன் சேரும். தொகையின் பெரும் பகுதி நிலக்கரி எடுக்கப்பட்ட ஜில்லாவிலேயே செலவிடப்பட வேண்டுமென்பது ஏற்பாடு. விளையாட்டு மைதானங்களும் மன்றங்களும் நீச்சற் குளங்களும் இந்நிதியால் நாடெங்கும் ஏற்பட்டன.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. நிதியின் உதவி பெரும்பாலும் மன்றத்தை அமைப்பதற்கே கிடைத்தது. அமைந்த மன்றத்தை நடத்துவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தொழிலாளரின் வாரச் சந்தாவே ஆதாரமாக இருந்தது. வேலை இருந்தவரையில் சந்தா தடையின்றி வந்தது, மன்றங்களும் செழித்திருந்தன. 1930-ஐ அடுத்த மந்த காலத்தில் சுரங்கங்கள் மூடப்பட்டுக் கூலி நின்றது. கூலியோடு சந்தாவும் நின்றது. பொழுதைக் கழிக்க மன்றத்தை நாடி வந்தவர்களின் தொகை பெருகியிருந்த அதே சமயத்தில் மன்றத்தின் வருமானம் வற்றியது. ஒரே ஊற்றை நம்பிய குளத்திற்கு நேரும் கதியே அது.

பிளாக்வுட் மன்றம்

இவ்வரலாறு முழுவதையும் ஒரே கட்டடத்தில் காண விரும்புவோர் பிளாக்வுட் என்னும் ஊரின் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தை நோக்கலாம். அது 1925-ல் கட்டப்பட்டது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சில பென்னிகளைக் கொடுத்து அதைத் தாங்கினார்கள். 1936-ல் அது விஸ்தரிக்கப்பட்டு, மேடையுடன் கூடிய பெரிய கூடமும் புத்தகசாலையும் வாசகசாலையும் பெற்றது. பகலில் நிலத்தடியில் இருந்தவர்கள் மாலையில் அங்கே ஆடினார்கள், பாடினார்கள், படித்தார்கள், தங்கள் குறைகளையும் பேசினார்கள்.

பின்னர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1984-ல் தொடங்கி 1985-ல் முடிவுற்ற பெரிய வேலைநிறுத்தத்திற்குப் பிறகு இது விரைவாக நடந்தது. அப்பகுதியின் பெரிய ஆழ்சுரங்கங்களில் கடைசியாக எஞ்சியிருந்தது டவர் என்பது. அதனை நிர்வாகம் 1994-ல் மூடியபோது, 239 தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த ஈட்டுத் தொகையிலிருந்து தலைக்கு 8,000 பவுன் போட்டுத் தாமே வாங்கி 1995 முதல் நடத்தினார்கள். நிலக்கரி தீர்ந்ததால் 2008-ல் அதுவும் மூடப்பட்டது. சுரங்கம் போனபின் மன்றங்களுக்குப் பென்னி கொடுக்க ஆளில்லை. அநேக மன்றங்கள் பாழடைந்தன, சில இடிக்கப்பட்டன.

பிளாக்வுட் மன்றத்திற்கு அக்கதி நேரவில்லை. ஸ்தல ஸ்தாபனமாகிய கவுன்ஸில் அதனை ஏற்று, பொதுப்பணத்தைக் கொண்டு விரிவாகப் புதுப்பித்தது. 1992-ல் மன்றம் மறுபடியும் திறக்கப்பட்டு, நாடகம், சங்கீதம், நடனம், குழந்தைகளுக்கான வகுப்புக்கள் முதலியவற்றின் இடமாயிற்று. பொதுப்பணத்தால் ஒரு மன்றம் உயிர் பெறக்கூடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. புதுப்பித்த கட்டடத்தை நடத்த வருஷந்தோறும் கவுன்ஸில் சில லட்சம் பவுன் கொடுக்க வேண்டியிருந்தது. 2024-ல் கவுன்ஸிலுக்குப் பண நெருக்கடி ஏற்பட்டபோது, அம்மன்றத்தை மூடி வைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஊரார் திகைத்தனர், கையொப்பம் சேகரித்து எதிர்த்தனர். தம் பாட்டன்மார் பென்னி பென்னியாகக் கட்டிய மன்றம் தமது என்பது அவர்களுடைய வாதம். வருஷச் செலவுக்குப் பணம் எங்கே என்பது கவுன்ஸிலின் கேள்வி. இருவர் சொல்லியதிலும் நியாயம் இருந்தது. பாட்டன்மாரின் காலத்தில் இந்த இரண்டும் எதிரெதிராக நின்றதில்லை. மன்றம் தமது என்று சொன்னவர்களே வாரந்தோறும் பணமும் கொடுத்து வந்தார்கள். பொதுப்பணத்தால் புதுப்பித்த காலத்தில் கட்டடம் மீண்டது. அந்தப் பழைய வாரச் சந்தாவுக்கு ஈடான ஓர் ஊற்று மீளவில்லை.

மூன்று படிப்பினைகள்

இவ்வனுபவத்திலிருந்து கிராம சங்கத்தார் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, முதற்காசு உபயோகிப்பவருடையதாக இருக்க வேண்டும். தன் காசு போட்டவன் பெயர்ந்த ஓட்டைக் கண்டு சும்மா போகமாட்டான்.

இரண்டாவது, பொதுப்பணத்திற்கு உரிய இடம் ஊராரின் சக்திக்கு மேற்பட்ட பெரிய வேலை. கூரை முழுவதும் மாற்றுதல், சுவரைப் பலப்படுத்துதல், மைதானத்தை மேடு பள்ளமின்றிச் சமன் செய்தல், குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தல் ஆகியவற்றிற்கு மான்யம் கேட்கலாம். வலை, பந்து, விளக்கு, வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுதல் ஆகியவை ஊராருடையவை.

மூன்றாவது, மான்யம் கேட்கும் நாளிலேயே வருஷச் செலவுக்கு வழி வகுத்தல் வேண்டும். அவ்வழியும் ஒன்றாக இல்லாமல் இரண்டு மூன்றாக இருத்தல் வேண்டும். ஒரு கால் ஒடிந்தாலும் மற்றவை தாங்கும்.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அநுஷ்டிக்க இயலுமா என்றால், அதற்குரிய முறைகள் நெடுங்காலமாகவே தெரிந்தவை. 1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. நிகர லாபத்தில் கால் பங்கைச் சேமநிதியில் சேர்த்தபின், எஞ்சிய லாபத்தில் 100-க்கு 10-க்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தர்ம காரியத்திற்கு உதவலாம் என்பது அது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, வைத்தியம், பொது ஜனங்களுக்குப் பயன்படும் இதர காரியம் ஆகிய யாவும் தர்ம காரியம் என்னும் சொல்லில் அடங்கின. பொது நன்மை நிதி என்னும் வழக்கத்தின் வேர் இதுவே. இப்பொழுது தமிழ்நாட்டில் சங்கங்களுக்குரியது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். ஆதலால் லாபத்தை இன்ன விகிதத்தில் பிரிக்கலாம் என்பதைச் சங்கத்தின் துணைவிதிகளையும் இலாகா அதிகாரிகளையும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஆயினும் பழைய விதியின் தத்துவம் நினைவிலிருக்கத் தக்கது: சேமநிதி முதலில்; தர்மம் அடுத்தபடி. விதைக் கடனுக்குரிய பணத்தைப் பந்துக்குச் செலவிட வேண்டியதில்லை என்று ஆட்சேபிக்கும் முதியவர்களுக்கும் இதுவே சமாதானம்.

ஊரார் பங்குக்கு ஈடாக ஸர்க்கார் பங்கு என்னும் முறையும் இந்நாட்டில் நடந்து வந்ததே. 1997-ல் தமிழ்நாடு ஸர்க்கார் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தின் அடிப்படை அதுவே. 2011-ல் ஏற்பட்ட தன்னிறைவுத் திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்த வேண்டியிருந்தது. திட்டங்களின் பெயரும் விகிதமும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. முதலில் ஊரார் கை நீளவேண்டும் என்பது மாறாதிருக்கிறது.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். 400 குடும்பங்களுள்ள ஒரு கிராமத்தில் மன்றத்தைப் புதுப்பிக்க மதிப்பீடு 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 2,00,000. குடும்பத்திற்கு 500 ரூபாய். கொடுக்க இயலாத குடும்பம் நாலு நாள் மண் சுமந்தும் கல் சுமந்தும் தன் பங்கை உழைப்பாகத் தரலாம். ஊரில் வசதியுள்ளோர் அதற்குரிய ரொக்கத்தைக் கட்டலாம்.

கணக்கின் கடினமான பாகம் இனிமேல்தான். புதுப்பித்த மன்றத்தைப் பழுதின்றி வைக்க வருஷம் 36,000 ரூபாய் வேண்டியிருக்கும் என்று கொள்வோம். சங்கத்தின் நிகர லாபம் 1,20,000 ரூபாய் என்றால், பழைய விதிப்படி கால் பங்கான 30,000 சேமநிதிக்குப் போக, எஞ்சிய 90,000-ல் பத்தில் ஒரு பங்கு 9,000. கலியாணம், கூட்டம் முதலியவற்றிற்குக் கூடத்தை வாடகைக்கு விடுவதால் வருஷத்தில் மற்றொரு 9,000 கிடைக்கலாம். மீதி 18,000-ஐ 400 குடும்பங்களுக்குப் பிரித்தால் வருஷத்திற்கு 45 ரூபாய். மாதத்திற்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. பிளைனாவன் தொழிலாளியின் அரைப் பென்னியைப் போலவே இதுவும் ஒருவருக்கும் பாரமாகாத தொகை. ஒரு வருஷம் மழை பொய்த்துச் சங்கத்திற்கு லாபமில்லாமற் போனாலும் மற்ற இரண்டு ஊற்றுக்கள் மன்றத்தைத் தாங்கும்.

மனுவுக்கு முன் முடிக்க வேண்டியவை

மனு எழுதுவதற்கு முன் சில காரியங்களை முடித்துக்கொள்வது நலம். கட்டடமும் மைதானமும் எவர் பெயரில் இருக்கின்றன என்பதைத் தஸ்தாவேஜுகளைக் கொண்டு அறியவேண்டும். இடம் புறம்போக்கா, பஞ்சாயத்தைச் சேர்ந்ததா, தனிநபர் வாய்மொழியாகக் கொடுத்ததா என்று தெரியாமல் செலவிடும் பணம் பின்னர் வழக்கில் போய் முடியும். அடுத்தபடி, பழுதுகளை வரிசைப்படுத்திக் கூரை, சுவர், தரை, மைதானம் என்று தனித்தனியே மதிப்பீடு தயாரிக்க வேண்டும். முழுத் தொகையும் கிடைக்காவிடில் எதை முதலில் செய்வது என்று அப்பொழுது தடுமாற வேண்டியிராது. கூரையே எப்பொழுதும் முதலாவது. வரவு செலவைத் தனிக் கணக்கில் வைத்து, வருஷத்திற்கு இருமுறை மன்றத்தின் வாசலிலேயே எழுதி ஒட்டவேண்டும். கணக்குத் தெரிந்த இடத்தில் சந்தா தானே வரும்.

இன்னொரு விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. பொதுப்பணம் ஒரு காசு கலந்தாலும் மன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். 1950-ல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சாஸனத்தின் 15-ஆவது ஷரத்து, முழுவதுமோ ஓரளவோ ராஜாங்க நிதியால் பராமரிக்கப்படும் பொது இடங்களை உபயோகிப்பதில் மதம், ஜாதி, ஸ்திரீ புருஷ பேதம் முதலிய காரணங்களால் எவரையும் தடுக்கலாகாது என்று விதிக்கிறது. 17-ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்திருக்கிறது. எழுத்தில் இருக்கும் இவ்வுரிமை மைதானத்திலும் இருக்கிறதா என்பதைச் சங்கத்தார் நேரில் பார்க்கவேண்டும். சேரிப் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்க, மற்றவர் பந்தாடும் இடத்திற்கு மன்றம் என்ற பெயர் பொருந்தாது. ஸ்திரீகளும் சிறுமிகளும் வந்து போவதற்கு உரிய நேரமும் வெளிச்சமும் கழிப்பிடமும் மதிப்பீட்டிலேயே சேரவேண்டும். ஊரில் பாதிப் பேர் நுழையாத கட்டடத்திற்கு ஊர் முழுவதும் சந்தா கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

முடிவாக, மன்றத்தைப் புதுப்பிக்கும் யோசனை சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வரும்போது, எத்தனை மான்யம் கேட்பது என்ற தீர்மானத்திற்கு முன்னால் வேறொரு தீர்மானம் நிறைவேறட்டும். மன்றத்தின் வருஷச் செலவு இவ்வளவு; அதில் சங்கத்தின் பங்கு இவ்வளவு, வாடகை இவ்வளவு, குடும்பச் சந்தா இவ்வளவு; கூரையை வருஷந்தோறும் மழைக்கு முன் பார்த்து ஓடு மாற்றும் பொறுப்பு இன்னின்னாருடையது என்று அதில் எழுதப்படட்டும். அந்தத் தீர்மானத்தின் நகலை மனுவுடன் இணைத்து அனுப்பும் கிராமத்தை எந்த அதிகாரியும் மதிப்புடன் நோக்குவார். மான்யம் வந்தால் அது வீண்போகாது. வரத் தாமதமானாலும், பெயர்ந்த இரண்டு ஓடுகளை அடுத்த மழைக்குள் மாற்றிவிடுவதற்குரிய பணம் அப்பொழுதே சங்கத்தின் பெட்டியில் இருக்கும்.